வெண்டலைப் புகழ்ந்த மாலை

ஜனவரி 14

என் கணவன் டேல் இன்று காதைப் பொத்திக்கொண்டான். “அம்மா தாயே, அந்தப் பேச்சை எங்கிட்ட ஒத்திகை பாக்காதே. நாய்கிட்ட சொல்லு.”

வேலை போனவர்களுக்குச் சர்ச்சில் வகுப்பெடுக்கும் பெர்னடெட் எழுதிக்கொடுத்த அரை நிமிடப் பேச்சு அது. “நான் லோர்னா. இன்சூரன்ஸில் இழப்பீட்டு விசாரணை…” நாயிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டது.

ஐம்பத்து நாலு வயதில் எனக்கு இந்தக் கூத்து. மார்ச் முடிந்தால் பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் முடிகிறது. டேலின் இதய மாத்திரைகள் அதில்தான் ஓடுகின்றன. அவன் சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 22

மில்வாக்கி டவுன்டவுனில் ஒரு ஹோட்டல். வியாபாரிகள் சங்கத்தின் சந்திப்பு மாலை. பெர்னடெட்டின் கட்டளைகள்: வேலை போனதைச் சொல்லாதே, வேலை கேட்காதே, எதிராளியைப் பற்றியே கேட்டுக்கொண்டிரு.

சீஸ் தட்டருகே நல்ல கோட்டு போட்ட ஒருவர், வெண்டல் ப்ரூசாக். குளிர்பதனக் கிடங்கு நிர்வாகமாம். நான் அவரைப் பற்றிக் கேட்டேன், அவர் என்னைப் பற்றிக் கேட்டார், மாலை முழுக்க இப்படியே. என்ன அக்கறை! பெரிய புள்ளியேதான்.

ஜனவரி 29

பெரிய புள்ளி காபிக்கு அழைத்தார். வானிலை பேசினோம். பனி வாருவதைப் பற்றிக்கூடப் பேசினோம். கடைசியில் அவர் தொண்டையைச் செருமினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கம்பெனியில ஆள் எடுக்கறீங்களா?”

“அதை உங்ககிட்ட கேக்கத்தான் நான் வந்தேன்.”

அவரும் பெர்னடெட்டின் மாணவர். அவர் செவ்வாய் வகுப்பு, நான் வியாழன். பணிப்பெண் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

பிப்ரவரி 5

என்னைப் பற்றிப் பேச நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வெண்டலைப் பற்றி என்றால் டேலிடம் ராத்திரிச் சாப்பாடு முழுக்கப் பேசியிருக்கிறேன். அப்படியானால் இனிச் சந்திப்புகளில் நான் அவரைப் புகழ்வது, அவர் என்னைப் புகழ்வது. வெண்டலிடம் கேட்டேன். “ஏன் கூடாது?” என்றார்.

பிப்ரவரி 20

இன்று பீர் ஆலைக் கூடத்தில் சங்கத்தின் அடுத்த சந்திப்பு. மருந்துகளைக் குளிரில் வைத்து அனுப்பும் கம்பெனியின் இங்கிரிட் ஹால்வர்சன் நின்றிருந்தார். பனிப்புயலில் மின்சாரம் போனபோது வெண்டல் கிடங்கிலேயே படுத்து, கெட்டுப்போகவிருந்த சரக்கைக் காப்பாற்றிய கதையைச் சொன்னேன். “பிடிவாதக்காரர். மேலதிகாரி சொன்னாலும் தப்புன்னா தப்புன்னுதான் சொல்வார்” என்பதையும் மறைக்கவில்லை.

பிறகு வெண்டலின் முறை. வாய் நிறைய சாஸேஜ். விழுங்கிவிட்டு, “இவங்க… ரொம்ப நல்லவங்க” என்றார்.

அவ்வளவுதான். மனுஷன் பாராட்டி முடித்துவிட்டார்.

மார்ச் 4

வெண்டலுக்கு வேலை கிடைத்துவிட்டது. இங்கிரிட்டிடமே. போனில் வாழ்த்தினேன், குரலில் தேன் ஒழுக.

வயித்தெரிச்சல் இருக்காதா பின்னே? நான் பேசிப் பேசித் தொண்டை வத்திப்போய் வாங்கிக்கொடுத்த வேலை அது. எனக்கு என்ன கிடைச்சுது — ‘ரொம்ப நல்லவங்க’. மாத்திரைக்கு என்ன பண்ணப்போறேன்? அந்த ஆள் மேல கோபமா, என் மேலயா? தெரியல.

மார்ச் 5

ஃப்ரிட்ஜைக் கழுவினேன். அழுக்கே இல்லை.

மார்ச் 19

இங்கிரிட் போன் செய்தார். வெண்டலைப் பற்றி ஏதோ புகார் என்றே நினைத்தேன்.

“அவரைப் பத்தி நீங்க சொன்னது அத்தனையும் சரியா இருக்கு. பிடிவாதம் உள்பட. நேத்துகூட எங்கிட்ட சண்டை. நல்லவேளை போட்டார்.” பிறகு விஷயத்துக்கு வந்தார். “மேடிசன்ல புதுக் கிளை திறக்கறோம். யார் நெஜம், யார் பந்தான்னு பாத்து ஆள் எடுக்க ஒருத்தர் வேணும். நீங்க வர்றீங்களா?”

இத்தனை வருடம் இழப்பீடு கேட்டு வந்தவர்களின் கதைகளில் நான் பார்த்ததும் அதைத்தான். அதைச் சொல்ல ஏன் இதுவரை தோன்றவில்லை? சொன்னேன். ஒத்திகையே இல்லாமல்.

டேலின் மாத்திரைகளைப் பற்றியும் கேட்டுவிட்டேன். முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டாம். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

மார்ச் 31

அலாரம் அடித்தது. இருட்டில் காலுறை தேடிக்கொண்டிருந்தேன். டேல் போர்வைக்குள்ளிருந்தே, “எங்க கிளம்பிட்டே?” என்றான்.

“வேலைக்கு” என்றேன்.

காதில் விழவில்லை போலிருக்கிறது. “என்ன?” என்றான்.

இன்னொரு தடவை சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.