ரத்தத்தைத் தொடாதீங்க

லாத்தா,

இன்று காலை பள்ளித் தாழ்வாரத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் போகும்போதெல்லாம் பாடத்தை நிறுத்த வேண்டியிருந்த நம் பழைய பள்ளியில், நீங்கள் முழங்காலிட்டுத் தரை துடைத்தது கண்முன் வந்தது.

உடைந்த ஜன்னல் கண்ணாடி உங்கள் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. உங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உங்களைத் தாங்க ஓடிவந்தார்கள். "கிட்ட வராதீங்க! ரத்தத்தைத் தொடாதீங்க!" என்று கத்தினீர்கள். பக்கத்து வகுப்பில் பாடம் எடுப்பதை விட்டு ஓடிவந்த என்னையும் சொந்த அக்கா போல் அதட்டி வாசலிலேயே நிறுத்தினீர்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சிந்தியதையெல்லாம் நீங்களே பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைத்தெடுத்தீர்கள்.

அதற்கு முன்பு உங்கள் தங்கையின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான் உங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்ததாம். கை கிழிந்த அன்று மாலை தலைமையாசிரியையிடம் அதை நீங்களே சொன்னீர்கள். "ஏன் லாத்தா சொன்னீங்க?" என்றேன். "நாளைக்கு நான் மயங்கி விழுந்து கிடந்தா, தொடாதேன்னு பிள்ளைங்ககிட்ட யாரு சொல்லுவா?" என்றீர்கள்.

மறுநாளே உங்கள் கோப்பையைத் தனியாக வைத்தார்கள். கண் மஞ்சளானால் எல்லாம் ஒரே 'அத்தாவா', மஞ்சள் காமாலைதான், கூட உட்கார்ந்து சாப்பிட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்றுதான் ஆசிரியைகள் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வார இறுதிக் கூட்டத்தில் நீங்கள் எழுந்தீர்கள். கெட்ட தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது வேறு வகை. உங்களுடையது ரத்தத்தாலும், பலருக்குப் போட்ட ஒரே ஊசியாலும், சவர பிளேடாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுவது. அதற்குத் தடுப்பூசி உண்டு. இதையெல்லாம் வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னீர்கள்.

"அப்ப உங்களுக்கு எப்படி வந்துச்சு, சயாமா?" என்று டோ மியா டீச்சர் பர்மிய மொழியில், டீச்சர் என்று மரியாதையாக அழைத்துக் கேட்டார்.

"சின்ன வயசுல காய்ச்சல்னா எங்க தெருவுக்கு ஊசி போடுறவர் வருவாரு. ஒரே ஊசி வீடு வீடாப் போகும். அதுவா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனி தெரிஞ்சு என்ன?"

அன்றிலிருந்து டோ மியா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் பெற்றோர்கள் கேட்கவில்லை. உங்களை ஒன்றாம் வகுப்பிலிருந்து எடுத்து அலுவலக அறையில் உட்கார வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பார்கள். எங்கேயாவது தடுமாறினால், பேனாவைப் பிடித்தபடி உங்கள் உதடு அந்த அடியை எடுத்துக்கொடுக்கும். அதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து போய்விடுவேன்.

பிறகு ஈரலில் கட்டி. மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். உங்கள் தங்கை அழுதாள். கையில் காயம் இல்லாதவர்கள் கையுறை போட்டுக்கொண்டு தொடலாம், குளிப்பாட்டியதும் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும் என்று நீங்கள் சொன்னதைச் சொல்லிக்கொண்டே நான் முதலில் உள்ளே போனேன். ஒவ்வொருவராக வந்தார்கள். உங்கள் தலைமுடியை மூன்றாகப் பிரித்துப் பின்னியது நான்தான், லாத்தா.

இப்போது புதிதாக வரும் ஆசிரியைகளுக்கு நீங்கள் கூட்டத்தில் சொன்ன அந்தப் பாடத்தை நான்தான் எடுக்கிறேன். எங்கும் தடுமாறுவதில்லை. போன வாரம் அவர்களில் ஒருத்தி கதவைச் சாத்திவிட்டு, தனக்கும் இருப்பதாகச் சொன்னாள்.

"என்னால பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, டீச்சர்?"

"கூட உக்காந்து படிச்சா, சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதும்மா."

"அப்ப எனக்கு?"

டாக்டரிடம் விடாமல் காட்டிக்கொண்டு வரவேண்டும் என்றேன். நானும் கூட வருகிறேன் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டாவது கேள்வியை நீங்கள் எங்கள் யாரிடமும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, லாத்தா.