சிவப்பு நூல் வரை

பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ உன் அக்காவைப் பற்றி ஆரம்பித்து அழுதுவிடுகிறாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதனால் மெஷின் விஷயத்தைக் கடிதத்திலேயே வைத்துக்கொள்வோம்.

பழைய புல்வெட்டி பள்ளிக்கூடப் புல்தரையில் பாதியில் நின்றுவிட்டது. எண்ணெயைக் கக்கியது. இனி பழுது பார்த்துப் பயனில்லை. உன் அக்கா கண்மூடிய வாரமே நீ நகரத்துக்கு, உன் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாய். குறையாகச் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன். அங்கே கடை கடையாகப் பார். தள்ளுகிற மெஷின், பெட்ரோலில் ஓடுவது.

நம் வாடிக்கை வீடுகளில் மிகக் குறுகலான கேட்டின் அகலத்தை உன் அக்கா, வெட்டிய புல்லை வாரும் தன் புல்வாரியின் கம்பில் குறித்து வைத்திருக்கிறாள் அல்லவா, கம்பின் அடியிலிருந்து சிவப்பு நூல் வரை? அந்த அளவுக்குச் சணல் கயிறு வெட்டி இந்த உறையில் வைத்திருக்கிறேன். அதைத் தாண்டியது வேண்டாம்.

அத்தான்

பிப்ரவரி 13

அன்புள்ள அத்தானுக்கு,

சணலோடு நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், "என்ன சார், மெஷினுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஏறி உட்கார்ந்து ஓட்டும் மெஷின் ஒன்று பார்த்தேன். சின்னதுதான், ஆனால் சணலைவிடக் கொஞ்சம் அகலம். பின்னால் பை இருக்கிறது. வெட்டிய புல் தானாக அதில் விழுந்துவிடும். புல்லை வாருவதற்கு ஆள் வேண்டாம். நாம் இப்போது இரண்டே பேர், அத்தான். நீங்கள் தள்ளி, நான் வாரி, எத்தனை வீடு முடிப்போம்? உங்கள் முட்டியும் சரியில்லை.

மாமனார் தன் கடையில் வந்து உட்காரச் சொல்கிறார். இந்த மெஷினை வாங்கினால் திரும்பி வருகிறேன். தள்ளுகிற மெஷின்தான் என்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மச்சான்

பிப்ரவரி 20

மச்சானுக்கு,

புல் வெட்டப் போகிறோமா, ஊர்வலம் போகிறோமா?

எனக்கு யாரும் மெஷின் சொல்லித் தரவில்லை. கழற்றி, பூட்டி, கையைக் கிழித்துக்கொண்டு கற்றவன் நான். கேட்டுக்குள் நுழையாத மெஷினைத் தெருவில் நிறுத்தி அழகு பார்க்க முடியாது. அளவு அளவுதான்.

வாடகை மெஷினில்தான் இப்போது ஓட்டம். நேற்று டாக்டரம்மா, "என்னங்க, வெட்டின புல்லை அப்படியே போட்டுட்டுப் போறீங்க? அம்மா வரலையா?" என்று கேட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. "வரல" என்றேன். காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து செருப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

புல்லை வாருவதற்கு ஆள் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய்.

அத்தான்

மார்ச் 2

அத்தானுக்கு,

அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்திருந்தேன். நீங்கள் கொட்டகையில் பழைய மெஷின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்ப மனசு வரவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு எல்லா வீட்டுக் கேட்டையும் அளந்தேன். எல்லாமே நம் சணலைவிட ஒரு சாணாவது அகலம். இந்த மெஷின் எல்லாவற்றிலும் நுழையும், அத்தான்.

அக்கா தப்பாக அளக்கிறவள் இல்லை. கொட்டகைக்குத் திரும்பி வந்து புல்வாரியைப் பார்த்தேன். கம்பின் அடிப்பக்கம் அறுக்கப்பட்டிருக்கிறது. யார் அறுத்தது?

உங்கள் பதிலைப் பார்த்துத்தான் மாமனாருக்குச் சொல்ல வேண்டும்.

மச்சான்

மார்ச் 9

மச்சானுக்கு,

நான்தான் அறுத்தேன். மழைக்கு முன்னால் அவளுக்குத் தோள் தூக்க வரவில்லை. "கம்பு கனக்குது, கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். "முதல்ல கம்பு, அப்புறம் ஆஸ்பத்திரி" என்றாள். அடியில் ஒரு சாண் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அளவும் அதோடு ஒரு சாண் குறைந்துவிட்டது; நூலை மேலே மாற்றிக் கட்ட இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தக் கேட்டையும் அளக்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் புல்வாரியை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். கேட்டின் குறுக்கே வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. இதைத் திரும்ப எழுதமாட்டேன்.

மெஷினை வாங்கு. நீயே ஓட்டு. என்னை அதில் ஏறச் சொல்லாதே.

பை மட்டும் வேண்டாம். கட்டாயம் கூடவே தருவோம் என்று கடைக்காரர் சொன்னால், வாங்கிக் கொட்டகையில் மாட்டிவிடு. புல் தரையிலேயே விழட்டும். நான் பின்னால் வாரிக்கொண்டு வருகிறேன். கம்பு எனக்குக் குட்டை. குனிந்துதான் வார வேண்டும். வேறு கம்பு போடலாம் என்று நீ எழுதுவாய். எழுதாதே.

திங்கட்கிழமை டாக்டரம்மா வீடு. நேரத்துக்கு வா.

அத்தான்