பித்தப்பை வழியாக வருகிறவர்கள்

டர்பன்,
2 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு என்மேல் கோபம் தீரவில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கடைக்குப் போன் செய்தேன், கடைக்கார மாம்குனு எடுத்தாள். "மகோசி திரும்பவும் சுருண்டு விழுந்துட்டாங்கடி. விருந்துல கொழுப்புக்கறி ரெண்டு துண்டு தின்னாங்க, அம்புட்டுத்தான். வலது விலாவைப் புடிச்சிக்கிட்டு அலறுனாங்க, கேக்க முடியலை" என்று உன்னைப் பற்றிச் சொன்னாள். மருத்துவமனையில் படம் எடுத்து, பித்தப்பை நிறையக் கல் இருக்கிறது, அறுத்து எடுக்க வேண்டும் என்றார்களாமே? நீ எழுந்து வந்துவிட்டாயாமே?

தினமும் காலையில் மூலிகைவெந்நீர் குடித்து வாந்தி எடுக்கிறாய் என்றும் சொன்னாள். பித்தம் அதிகமானால் நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் கல் வாந்தியில் வராது அக்கா. டர்பனுக்கு வா. எங்கள் மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம், அறுவை அறையில் நர்சாக நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உன் தங்கை,
தெம்பெகிலே

*

நோங்கோமா,
16 மார்ச் 1997

தெம்பெகிலே,

இத்தனை வருடம் கழித்து உன் கடிதம் வரவும் ஒரு கல் வேண்டியிருந்தது. சரி, அந்தக் கல்லாவது வாழ்க.

முன்னோர் குரல் கேட்டுக் குறி சொல்லும் சங்கோமாவாக நான் ஆன நாளிலிருந்து பல் போன கிழவர்கள்கூட என்னை 'மகோசி, நீங்கள்' என்கிறார்கள். உனக்கு மட்டும் நான் இன்னும் 'அக்கா, நீ'. அப்படிக் கூப்பிடக் கூடாது என்று உன் சபைக்காரர்கள் உன் நாக்கில் பூட்டுப் போட்டிருப்பார்கள், இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கூந்தலில் தொங்குவது என்ன? எனக்காக அறுத்த ஆடுகளின் பித்தப்பைகள், ஊதிக் காயவைத்தவை. ஆட்டின் பித்தநீரைக் காலில் ஊற்றினால் செத்துப்போன நம் பெரியவர்கள் அந்தக் கசப்பைத் தேடி வந்து நக்குவார்கள் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டுமா? செத்த ஆட்டின் பைக்கே அவ்வளவு மதிப்பென்றால் என் வயிற்றில் இருப்பதற்கு எவ்வளவு? அதை அறுத்துப் போட்டுவிட்டு, 'வாருங்கள்' என்று எந்த வாயால் கூப்பிடுவேன்?

உனக்கு இது புரியாது. உன் கல்யாணத்துக்கு அப்பா அறுத்த ஆட்டின் பித்தப்பையை உன் மணிக்கட்டில் கட்டினோம். தேவாலய வாசலில் கழற்றி எறிந்தாய். அப்பா குனிந்து அதை எடுத்து, மண்ணைத் தட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வலி வந்தால் தாங்கிக்கொள்வேன்.

பஜபுலிலே

*

டர்பன்,
6 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு. நன்றாகத் திட்டு. திட்டுவதற்காவது நீ உயிரோடு இருக்க வேண்டும்.

போன வாரம் உம்லாசியிலிருந்து ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். அவளும் தாங்கிக்கொண்டவள்தான். கண் மஞ்சளாகி, பை அழுகிச் சீழ் வைத்த பிறகு தூக்கி வந்தார்கள். அறுவை மேசையிலேயே போய்விட்டாள். நான்தான் அவள் கண்ணை மூடினேன். அன்று முழுக்க எனக்கு உன் முகம்தான்.

பித்தநீரை அந்தப் பை உண்டாக்குவதில்லை அக்கா. அது ஈரலில் ஊறுகிறது. பை அதைச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். பை போனாலும் கசப்பு உன் உடம்பில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பெரியவர்களுக்கு அது போதாதா? நீயே கேட்டுப் பார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான்.

தெம்பெகிலே

*

நோங்கோமா,
11 மே 1997

தெம்பெகிலே,

கேட்டேன். மணப்புகை போட்டு உட்கார்ந்தேன். பதில் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நேற்று மாம்குனு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மகோசி, கண்ணு பூசணிப்பூவாட்டம் கெடக்கு. முன்னோருகிட்ட நேருலயே போயிப் பேசலாம்னு நெனப்பா?" என்று கேட்டாள். அவள் வாய்க்கு எப்போதும் பூட்டில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. சாக எனக்குப் பயம், தெம்பெகிலே. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அறுத்ததைக் குப்பையோடு எரிக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, குடிலின் பின்பக்கம் பெரியவர்களின் இடத்தில் புதைக்க வேண்டும். அந்நியர் கை படக் கூடாது, நீதான் எடுத்து வர வேண்டும். நீ தொடுவாயா என்று தெரியவில்லை.

பஜபுலிலே

*

நோங்கோமா,
24 ஆகஸ்ட் 1997

அன்புள்ள தங்கைக்கு,

தையல் ஆறிவிட்டது. விலாவுக்குக் கீழே தழும்பு நீளமாக இருக்கிறது, குனிந்தால் இழுக்கிறது. அந்த வலி மட்டும் திரும்ப வரவே இல்லை. சோளக்கூழும் கீரையும்தான் சாப்பாடு. ஒருநாள் ஆசைப்பட்டுக் கொழுப்புக்கறி தின்றுவிட்டுப் புதருக்கு நான் ஓடிய ஓட்டம் ஊருக்கே தெரியும்.

அறுத்த பை இருந்த போத்தலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் வழி முழுக்க நீ இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாய். குழியில் நீயே இறக்கினாய். அதை நான் மறக்க மாட்டேன்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொல்லாதே. கனவு நின்றுவிட்டது. ஊர் திரும்பியதிலிருந்து பெரியவர்கள் ஒருவரும் கனவில் வரவில்லை. அப்பாகூட வரவில்லை. மகனைக் காணோம் என்று ஒருத்தி வந்தாள். மணப்புகை போட்டேன், கூப்பிட்டேன். உள்ளே ஒரே அமைதி. எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம், மனம் வரவில்லை. "எனக்கு எதுவும் கேக்கலைம்மா, வேற ஆளைப் பாரு" என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள்.

கூந்தலில் இருந்தவற்றை அவிழ்த்துக் கூடையில் வைத்துவிட்டேன். நீ செய்தது தப்பு என்று சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறேன், அது பெரிதுதான். ஆனால் காலையில் எழுந்து யாருக்காக வாசல் பெருக்குவது என்று தெரியவில்லை.

நீ எப்போதும் எழுதுவதுபோலவே அக்கா என்றே எழுது. இப்போது அதுதான் சரி.

உன் அக்கா,
பஜபுலிலே

*

டர்பன்,
7 செப்டம்பர் 1997

மகோசி அவர்களுக்கு,

வணங்கி எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மருத்துவமனைக் கழிவறையில் நின்று அழுதேன்.

வரும் வெள்ளிக்கிழமை வருகிறேன். வெள்ளை ஆடு ஒன்று பார்த்து வைக்கும்படி மாம்குனுவிடம் சொல்லிவிட்டேன். நான் போத்தலோடு வந்தது சபைக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமைப் பெண்கள் ஜெபத்துக்கு உடுத்தும் சபைச் சீருடையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன். ஆண்டவரிடம் நானே பேசிக்கொள்கிறேன், உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கூடையில் இருப்பவற்றைத் திரும்பக் கூந்தலில் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அந்த ஆட்டின் பித்தநீரை என் காலில் ஊற்றுங்கள். பெரியவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் கேட்காவிட்டாலும் நிறுத்தாதீர்கள். உங்களிடம் இல்லாதது என் வயிற்றில் முழுசாக இருக்கிறது. நாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே, வழி தெரியாமல் நிற்கிறவர்கள் என் வழியாக உங்களிடம் வரட்டும்.

கடைசியில் அந்த ஆட்டின் பித்தப்பையை என் மணிக்கட்டில் கட்டிவிடுங்கள். நான் அதோடுதான் டர்பன் திரும்புவேன்.

தெம்பெகிலே