மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில்

ஜூன் 14, வெள்ளி

கஞ்சாவோடு பிடிபட்ட யாரோ ஒருவரின் செய்திக்கு அப்பாவின் படத்தைப் போட்ட பத்திரிகைமீது நாங்கள் கொடுத்த முறைப்பாடு இன்று விசாரணைக்கு வந்தது. முறைப்பாட்டை எழுதியது நான். கதைக்கப் பயம் என்பதால், என்னோடு கம்பஸில் படித்த ஜெனிற்றாவையும் கூட்டிப் போனேன்.

முதற்பக்கத்தில் இடமில்லை, உள்ளே ஒரு மூலையில் திருத்தம் போடலாம் என்றார் பத்திரிகை ஆசிரியர். நான் ஜெனிற்றாவின் கையைத் தட்டினேன். ஜெனிற்றா எழுந்தாள்.

"முதல் பக்கம் உங்களிட்டையே இருக்கட்டும், ஐயா. மரண அறிவித்தலுக்குப் பக்கத்திலை, படத்தோடை போடுங்கோ. எங்கடை குருநகர்ச் சனம் அதைத்தான் முதல் பாக்கிறது."

விசாரணை அதிகாரி சிரித்துவிட்டார். அப்படியே போடச் சொல்லி எழுதினார். ஆசிரியரால் மறுக்க முடியவில்லை.

முதல் வசனம் அவளுடையது. மற்றதெல்லாம் காலையில் பஸ்ஸில் நான் அவளுக்குச் சொன்னது.

வெளியே வந்ததும் அப்பா அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். "என்ன மூளை பிள்ளை உனக்கு!" என்றவர் என்னைக் காட்டினார். " உவளும் உன்னோடைதானே படிச்சவள். வாய் திறக்கிறாளில்லை."

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள். பிறகு சோடாவைக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திருத்தம் வரும். இரண்டு மாதமாக இறங்குதுறையில் யார் முகத்தையும் பார்க்காத அப்பா இனி நிமிர்ந்து போவார். அதைத்தான் நான் நினைக்க வேண்டும்.

பாதிச் சோடாவை அவள் எனக்கு நீட்டினாள். தாகமில்லை என்றேன். இப்போதும் தொண்டை வறண்டுதான் கிடக்கிறது.