மேல்மூலை மரியாதை

மார்ச் 26, பிஷ்கெக்

இன்று அலுவலகக் கூட்டத்தில் என் குறிப்புகளை, என் வாக்கியங்களோடு, தன் பெயரில் படித்தான் கூட வேலை செய்யும் மிர்லான். போன கோடையில் நரின் மலையில் மேய்ப்பர்களோடு ஆறு வாரம் குதிரையில் திரிந்து தொடை உரிந்தது எனக்கு. "நல்லா உழைச்சிருக்கே தம்பி" என்று இயக்குநர் ஜிபர்குல் அக்கா சொன்னது அவனுக்கு.

இருக்கட்டும்.

மார்ச் 29

மேய்ப்பர்களுக்காக நாங்கள் செய்யும் கைபேசிச் செயலியில் எந்தப் பொத்தான் எங்கே என்று முடிவு செய்வது என் வேலை. கீழ் வரிசையில் நான்கு இடம்தான். மிர்லானுடையது கால்நடை மருத்துவரை அழைக்கும் பொத்தான். மே முடிவதற்குள் அதற்கு ஆள் சேராவிட்டால் அவன் பிரிவையே மூடிவிடுவார்கள்.

இன்று அவனே வந்து மாட்டினான்.

"நுர்ஜாத், என்னோடதைக் கீழ, வாசல்கிட்ட தள்ளிடாதே. பெரிய விருந்தாளிய எங்க உட்கார வைப்போம்? வாசலுக்குத் தூரமாத்தானே? எனக்கு மேல்மூலை வேணும்."

"உனக்கில்லாத மரியாதையா? மேலேயே உட்காரு."

மடையன். மேய்ப்பனுக்கு ஒரு கையில் கடிவாளம், மறு கையில் கைபேசி. கட்டைவிரல் கீழ் வரிசையைத் தாண்டாது. அவன் திருடிய குறிப்பிலேயே அது இருக்கிறது. வாய்விட்டுப் படித்தானே, மண்டையில் ஏறியதா?

ஏப்ரல் 30

செயலி வெளியாகி மூன்று வாரம். கீழ் வரிசையில் இருக்கும் வானிலைப் பொத்தானுக்கு ஆறாயிரம் பேர். மருத்துவருக்குப் பதினொரு பேர். மிர்லான் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மே 3

பதின்மூன்று!

மே 12

நரின் பக்கம் அத்பாஷியிலிருந்து மேய்ப்பர் சகின்பெக் அண்ணன் பேசினார். போன கோடையில் எனக்குத் தங்க இடம் கொடுத்தவர்.

"குதிரை ஈனுறப்ப குட்டி குறுக்க நின்னுடுச்சும்மா. அந்த மருத்துவர எங்க ஒளிச்சு வெச்சாங்க? வானிலையத் தட்டினேன், சந்தையத் தட்டினேன்… குதிரை போயிடுச்சு. குட்டியும்."

"அண்ணே—"

"நீ என்ன பண்ணுவே. எவனோ குதிரையே ஏறாதவன் செஞ்சிருப்பான்."

நான்தான் என்று சொல்லாமலே அழைப்பைத் துண்டித்தேன். ஏன்டி நுர்ஜாத், மிர்லான் மேல கோவம்னா அவன் சட்டையப் பிடிச்சிருக்கணும். இந்த மனுசன் உன்னை என்ன பண்ணினாரு?

மே 13

மருத்துவரைக் கீழ் வரிசைக்குக் கொண்டுவந்தேன், கட்டைவிரல் தானாக விழும் இடத்துக்கு. யாரையும் கேட்கவில்லை.

மே 31

மருத்துவருக்கு எழுநூற்று நாற்பது அழைப்புகள். மிர்லான் இனி துணை இயக்குநர். இடத்தை மாற்றியது தன் யோசனை என்று கூட்டத்தில் சொன்னான்.

மாற்றியது நான் என்று எழுந்து சொல்லலாம். தெரிந்திருந்தும் முதலில் ஏன் மேலே வைத்தாய் என்று அக்கா கேட்பார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.