ஆறு சிவப்புக் கோடுகள்

பிப்ரவரி 8, ஞாயிறு

எங்கள் பாய்மரப் படகை, இனி அதை ஓட்டப்போகும் பிரவீணிடம் இன்று ஒப்படைத்தேன். நான் சென்னைக்கு மகளிடம் போகிறேன். அது போர்ட் பிளேரிலேயே இருக்கட்டும்.

படகு இன்னும் கிரேன் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவன் ஸ்பானரோடு உள்ளே ஏறிவிட்டான். அடியில் பாரமாக இருக்கும் கீலைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுகளையும் முறுக்க வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"முதல்ல படகைத் தரையில இறக்கு தம்பி. பாரம் கீல் மேல உட்காரணும். அப்புறம் நடுவுல ஆரம்பிச்சு, மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கு."

"டீக் ஹை ஆன்ட்டி" என்று இறங்கினான். நான் சொன்னது அப்படியே என் வீட்டுக்காரர் பேசியதுபோல இருந்தது எனக்கு.

ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு. நட்டு நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும் என்று அவர் என் நெயில் பாலிஷில் போட்டவை. கல்யாண நாளுக்காக நான் வாங்கிய புது பாட்டில். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் போய் நான்கு வருடமாகியும் ஒரு கோடும் விலகியிருக்கவில்லை.

இன்று பிரவீண் முறுக்கியதும் ஆறும் விலகின. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதுக் கோடு போட அவன் மனைவி ஷீலாவின் கைப்பையைத் துழாவினான்.

"அரே, அது புது பாட்டில்!" என்று அவள் கத்தினாள்.

சிரித்துவிட்டேன்.

அந்த இரண்டு நாளும் பேசியிருக்கலாம்.