அம்புப் படத்தில் லானி

அன்பு மகள் ஜூனிக்கு அம்மா எழுதுவது. கோடியாக் தீவுக் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் முதுகுவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழு வரைந்த படம் மாநில அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று காலை ரென்ஃப்ரோ அம்மாள் தொலைபேசியில் சொன்னார், பிறகு நானே அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டேன், அங்கிருந்த பெண்ணும் ஆமாம், வந்துவிட்டது என்றாள். தம்பி ட்வைட் வீட்டுக்கு வருவானா என்பது இனி அந்தப் படத்தைப் பொறுத்தது.

என்ன படம் என்று போன தடவை கேட்டாய். லெக்சிங்டன் ஆஸ்பத்திரி ட்வைட்டை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், வீடு தேடி வந்து அவனைப் பார்க்கும் ஆட்கள் இங்கே இருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளின் மனநல மையத்தில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு வருடம் மாநிலம் பணம் தர வேண்டுமென்றால், சேவையை எப்படி மேம்படுத்துவோம் என்று மையம் காட்ட வேண்டும். கையில் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்கிறோம், அதனால் பிள்ளையிடம் என்ன மாறும் என்று கட்டம் கட்டமாக எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்பு போட வேண்டும். ஒவ்வொரு அம்புக்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். அதைச் சொல்லித்தரத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ரென்ஃப்ரோ அம்மாள் வந்தார். அதற்கு வேறு பெயர் உண்டு, நம் ஆட்கள் அம்புப் படம் என்றே கூப்பிடுகிறார்கள். குழுவில் பெற்றோரும் இருக்க வேண்டும் என்பது விதி, அப்படித்தான் நான் போனேன். அங்கே உட்கார்ந்துவிட்டதால் நான் செய்தி எழுதும் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாது என்று பத்திரிகை ஆசிரியர் ஹார்லன் சொல்லிவிட்டார், அது நியாயம்தான். ஊரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவளுக்கு இப்போதுதான் வாய்க்குப் பூட்டு விழுந்தது என்று உன் அப்பாவுக்கு ஒரே கேலி.

போன செவ்வாய்க்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடினோம். மையத்தின் இயக்குநர் டாக்கெட் சுவரில் தாள்களை ஒட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. கடைசிக் கட்டத்தில் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையும் என்று எழுதியிருந்தது, ஜூனில் முடிந்த போன வருடக் கணக்கில் மூன்றில் இரண்டு பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள் என்றார். நிலக்கரி லாரிகளைப் பழுது பார்க்கும் ஆர்வில் ஸ்டாம்பர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். அவர் மகன் லானியை உனக்குத் தெரியும், ட்வைட்டோடு ஒரே பள்ளிப் பேருந்தில் போனவன், ஏப்ரலில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அந்தக் கணக்கில் லானி இருக்கிறானா என்று ஆர்வில் கேட்டார். கணக்கில் பெயர்கள் கிடையாது என்றார் டாக்கெட். "பேரக் கேக்கல சார். போன வருஷம் என் பையன் ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரிகூடப் படுக்கல. அப்போ அவன் எந்தப் பக்கம்?" நாட்கள் குறைந்த பக்கம்தான் என்று டாக்கெட் ஒப்புக்கொண்டார். "அப்போ உங்க படத்துல என் பையன் குணமாயிட்டான்" என்று சொல்லிவிட்டு ஆர்வில் உட்கார்ந்துவிட்டார். யாரும் காபிப் பக்கம் போகவில்லை.

ரென்ஃப்ரோ அம்மாள் கடைசித் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, லானிக்கு என்ன நடந்தது என்று அம்புகளைப் பின்பக்கமாகத் தொடர்ந்து போனார். பிப்ரவரியில் ஓடை பாலத்தை அடித்துக்கொண்டு போனதால் லானியின் அம்மாவால் அவனை மையத்துக்குக் கூட்டிவர முடியவில்லை. மூன்று தடவை வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது மையத்தின் விதி. அப்படி எடுத்த பெயரும் சேவை முடிந்தது என்ற கட்டத்துக்குத்தான் போகிறது. பெயரை எடுக்கும்போது பிள்ளையை யார் போய்ப் பார்ப்பது என்று அவர் கேட்டார். மையத்தில் வேலை பார்க்கும் ட்ரீவா என்ற பெண்தான் லானியின் பெயரை எடுத்தவள். "யாரும் போறதில்ல மேடம். அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, நானும் அப்படித்தான் செஞ்சேன்" என்றாள். அவள் அழவில்லை, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த இடத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டோம், பெயரை எடுப்பதற்கு முன் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பிள்ளையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. கடைசிக் கட்டத்தையும் மாற்றினோம். பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும், தூங்க வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும், அதை அவனே சொல்ல வேண்டும்.

இதன்படி போன வருடத்தைத் திரும்ப எண்ணிப் பார்த்தால், மூன்றில் இரண்டு என்றது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இதை அனுப்பினால் பணம் நின்றுபோகலாம், இந்த வருடம் பழையதையே அனுப்புவோம், அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்கெட். கை தூக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றது, நான் மட்டும் பாக்கி. "ட்வைட்ட நெனச்சுப் பாரு அர்லெட்டா" என்றார், கனிவாகத்தான் சொன்னார். அவனைத்தான் நினைத்தேன். பழைய படத்தை வைத்து அவன் வீட்டுக்கு வந்தாலும், ஓடை பெருகி மூன்று தடவை போக முடியாமல் போனால் அவன் பெயரும் அப்படித்தான் போகும். புதிய படத்துக்குக் கை தூக்கினேன். வெளியே தன் லாரியருகே நின்றிருந்த ஆர்வில், "உன் பையன் இன்னும் இருக்கான்மா. இதுக்குக் கை தூக்குன்னு நான் உங்கிட்டக் கேட்டிருக்கமாட்டேன்" என்றார். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோள ரொட்டி சுட்டுத் தட்டில் வைத்து, "கை தூக்கியாச்சுல்ல, சாப்புடு" என்றார்.

மாநிலத்தின் பதில் நவம்பரில் நன்றிகூறல் விருந்துக்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்கிறார்கள். ஆஸ்பத்திரி அந்த மாதக் கடைசிவரை ட்வைட்டை வைத்திருக்கும். இல்லை என்று வந்தால் அவனை வேறு மாநிலத்து விடுதி ஒன்றுக்கு அனுப்புவார்கள். மிசோரி என்று டாக்கெட் சொல்கிறார், அவர் ஒருவர்தான் சொல்கிறார், அதனால் இப்போதைக்கு நம்பாதே. தம்பிக்கு வாராவாரம் எழுது, வீட்டுக்கு வரும் தேதி எதுவும் எழுதாதே. படகில் ஏறும்போது மிதவைச் சட்டையைக் கழற்றாதே. கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போயிருந்தோம். "ரஸ்டி இன்னும் என் கட்டில்லதான் படுக்குதா?" என்று நாயைப் பற்றிக் கேட்டான். ஆமாம் என்றேன், பார்க்காமலே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மேலே அவன் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேதான் படுத்திருந்தது.

உன் அம்மா,
அர்லெட்டா